தொம்மலூரிலிருந்து பொதுகே வரை: ஒரு வரவு செலவு

1891இல் பெங்களூரின் யஷ்வந்தபுரத்தில் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதே நகரின் தொம்மலூரிலிருந்து கிழக்கே பழைய ஏர்போர்ட் சாலையில் சில கிலோமீட்டர் போனால் எச்.ஏ.எல். பகுதி, அங்கேயும் அதே மாதிரிக் காசுகள் பின்னாளில் வெளிப்பட்டன. அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கடலோர இடிபாடுகளைத் தேடிப்போகும் கணக்கை இந்தக் காசிலிருந்தே தொடங்கலாம்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த விலைப்படி கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ், அதாவது நாலு வெள்ளிக் காசு. ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். ஆக, 163 காசுக்கு 13 கிலோ மிளகு. அன்றைய படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ் என்பதால், இது எட்டு மாதத்துக்கும் மேலான உழைப்பு. இன்று கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் அதே மிளகு சுமார் ₹9,300தான். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் போட்டால் ₹9,000. ஒரு புதையல் முழுவதையும் கொடுத்தால் விசா கிடைக்கும், மிச்சம் ஒரு வேளைச் சாப்பாடு.

விசா எதற்கு? கிரேக்கத்தின் தெற்குப் பகுதியில் பாவ்லோபெத்ரி இருக்கிறது. 1967இல் நிக்கோலஸ் ஃப்ளெமிங் கண்டறிந்த மூழ்கிய ஊர். மறுவருடம் கேம்பிரிட்ஜ் குழு அளந்தபோது சுமார் 300 மீட்டருக்கு 150 மீட்டர் பரப்பில் 15 கட்டடங்கள், தெருக்கள், 37 கல்லறைகள் பதிவாயின. ஆழம் நாலு மீட்டருக்குள்தான். கயாக் படகு நீருக்குள் ஒரு சாண் அளவே இறங்கும், சுழல்விசிறியும் நங்கூரமும் கிடையாது. சில ஆயிரம் வருஷத்துச் சுவர்மேல் கீறலின்றிப் போக இதைவிட நல்ல வண்டி இல்லை.

செலவு (ஒருவருக்கு, என் உத்தேசம்): விசா ₹9,000, விமானம் ₹60,000, ஆறு நாள் தங்கலும் சாப்பாடும் நாளுக்கு 80 யூரோ வீதம் ₹48,000, கார் மற்றும் கயாக் வாடகை ₹20,000. கூட்டினால் ₹1,37,000. விசாவுக்குக் கட்டாயமான, 30,000 யூரோ வரை ஈடுகட்டும் மருத்துவக் காப்பீட்டின் கட்டணம் இதில் சேரவில்லை. ஏதென்ஸில் இறங்கிய பிறகும் சாலையில் 300 கிலோமீட்டருக்குமேல் போகவேண்டும்.

தொம்மலூரிலிருந்து புதுச்சேரியும் ஏறக்குறைய அதே தூரம், 310 கி.மீ. அங்கே அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு குறிப்பிடும் பொதுகே துறை இதுதான் என்பது பலரின் கருத்து. மரங்களைப் பிணைத்துக் கட்டிய உள்ளூர்ப் படகுகளையும் அந்தக் கையேடு சொல்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மண்கலங்களும் மது ஜாடிகளும் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் வகை ஜாடிகளும் அவற்றில் உண்டு. ஒன்று சுமார் 25 லிட்டர் கொள்ளும்.

செலவு: போக வர 620 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 41 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ ₹4,250. நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு ₹1,060. இரண்டு இரவு தங்கல், சாப்பாடு, டோல், கயாக் எல்லாம் சேர்த்துத் தலைக்கு ₹7,000க்குள் அடங்கும். ஒருவரின் கிரேக்கப் பயணச் செலவில் பத்தொன்பது பேர் பொதுகே போய்வரலாம்.

ஆனால் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு? இங்கேதான் கணக்கு கிரேக்கத்தின் பக்கம் சாய்கிறது. வீலர் கண்ட, 45 மீட்டர் நீளமுள்ள செங்கல் கிடங்கு இப்போது மண்ணுக்கடியில். மேலே நிற்கும் செங்கல் சுவர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களின் கட்டடம். பலர் அதை ரோமானியம் என்று நம்பிப் படமெடுத்துப் போகிறார்கள். மிஞ்சுவது அரியாங்குப்பம் ஆறு, கரையோரச் செடிகள், அந்நாளில் சரக்கு வந்த அதே நீர்வழி. மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் துடுப்புப் போட்டு, கழிமுகத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளித் துறை அமைத்தார்கள் என்பதைத் தோள்வலியால் தெரிந்துகொள்ளலாம். சாலை வழியாக வருகிறவருக்கு அது தெரியாது. ஜாடி ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், உயிர்காப்பு மேலங்கி இரண்டிலும் சிக்கனம் வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகாதீர்கள். கரையில் பானை ஓடு தட்டுப்பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், எடுப்பது குற்றம்.