நாற்சக்கர இயக்கத்தில் நேரும் இறுக்கம்: காரணமும் பரிகாரமும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் காயலை ஒட்டிச் செல்லும் பஜார் ரோடு மிகப் பழமையான வணிக வீதியாகும். அதன் இரு மருங்கிலும் மிளகு, சுக்கு, ஏலம் முதலிய மலைப் பொருள்களுக்கான கிடங்குகள் அமைந்துள்ளன. மிளகு வணிகர்களின் சங்கம் ஒன்று 1957-இல் இங்கு நிறுவப்பெற்றது. இவ்வீதியும் இதிலிருந்து கிளைக்கும் சந்துகளும் கைவண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் ஏற்ப அமைந்தவை. மோட்டார் வண்டியைக் கருதி அமைந்தவை அல்ல. ஆதலின் ஒரு ஜீப் இங்குத் திரும்ப வேண்டுமாயின், ஸ்டியரிங்கை முற்றிலும் ஒடித்தே தீரவேண்டும்.

இடுக்கி மலைப் பாதைகளில் யாதொரு குறையுமின்றி ஓடிய நாற்சக்கர இயக்க வண்டி ஒன்று இத்தகைய சந்துக்குள் திரும்புகையில் விந்தையாக நடந்து கொள்வதுண்டு. ஸ்டியரிங் கனக்கிறது. டயர்கள் தரையில் உரசிக் கீச்சிடுகின்றன. எவரோ பிரேக்கை அழுத்திப் பிடித்தாற்போல் வண்டி தயங்கித் தயங்கி நகர்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. இதனையே பட்டறைகளில் ‘வண்டி பிடிக்கிறது’ என்பர். அண்மையில் வேறொரு வண்டியிலிருந்து எடுத்த கியர்ப் பெட்டியோ ஆக்ஸிலோ அதில் பொருத்தப்பட்டிருக்குமாயின், வந்த உறுப்பே பழுதுற்றது என்று முடிவு கட்டி, அதனைக் கழற்றி மற்றொன்றை வாங்கிப் பொருத்துவது வழக்கம். அதன் பிறகும் இறுக்கம் நீங்காதபோதுதான் செலவு வீண் என்பது புலப்படுகிறது. பல வேளைகளில் அவ்வுறுப்பு பழுதற்றதே. அதற்கும் வண்டியின் பிற உறுப்புகளுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பதே உண்மை.

திருப்பத்தின் கணிதம்

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் ஓர் அச்சில் தனித்தனியே சுழல்வன. வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் மிகுதியான தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்கின்றன. சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதால் இதில் இடர்ப்பாடு இல்லை. மோட்டார் வண்டியிலோ என்ஜினின் ஆற்றல் இரு சக்கரங்களுக்கும் சென்றாக வேண்டும். அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியாகும்.

இடச் சக்கரமும் வலச் சக்கரமும் மட்டுமன்றி, முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும்கூடத் திருப்பத்தில் வெவ்வேறு தூரம் செல்கின்றன என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பழைய ஜீப்பின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது சுமார் 2.03 மீட்டர் தூரம் உண்டு. பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சென்றால், பித்தகோரஸ் தேற்றத்தின்படி முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி ஏறத்தாழ 6.33 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். கால் வட்டம் திரும்புவதற்குள் பின்புறம் 9.42 மீட்டரும், முன்புறம் சுமார் 9.95 மீட்டரும் கடக்கின்றன. ஆசிரியர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு முளையும் கயிறும் கொண்டு இவ்விரு வில்களையும் வரைந்து, மாணவர்களைக் கொண்டே அளக்கச் செய்யலாம். வேறுபாடு அரை மீட்டருக்குச் சற்று மிகுதி என்பது கண்கூடாக விளங்கும்.

ஜீப்பில் நாற்சக்கர இயக்கத்தைச் சேர்த்தவுடன், டிரான்ஸ்ஃபர் பெட்டி முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. இடையே டிபரென்ஷியல் ஏதும் இல்லை. அந்த அரை மீட்டர் வேறுபாட்டை ஏற்க வழியில்லாமையால் ஷாஃப்டுகள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறுகின்றன. சேற்றிலும் சரளையிலும் டயர் சற்றே வழுக்கி அம்முறுக்கைத் தளர்த்திவிடும். காய்ந்த கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை. மலையில் தோன்றாத இறுக்கம் மட்டாஞ்சேரிச் சந்தில் தோன்றுவதன் மர்மம் இதுவே. வண்டி மாறவில்லை, தரைதான் மாறியது.

இது ஜீப்பின் இயல்பு, பழுதன்று. கெட்டித் தரையில் நெம்புகோலை இருசக்கர இயக்கத்திற்கு மாற்றிவிட்டால் இறுக்கம் நீங்கும். ஆயின் நேர்ச்சாலையில் செல்லும்போதும் இறுக்கம் தோன்றுமாயின், அது வேறு வகையைச் சார்ந்தது.

பற்களின் கணக்கு

ஒவ்வோர் ஆக்ஸிலிலும் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவற்றின் பற்களின் விகிதமே இறுதி விகிதம் எனப்படும். இரண்டாம் உலகப் போருக்கென 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளில் இவ்விகிதம் 39-க்கு 8, அதாவது 4.88 ஆகும். போருக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த வில்லிஸ் ஜீப்புகளில், இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த மாடலின் மூலமான சி.ஜே.3பி உட்பட, 43-க்கு 8, அதாவது 5.38 என்னும் விகிதம் வழங்கிற்று. வெளித் தோற்றத்தில் இவ்விரு வகை ஆக்ஸில்களும் பெரிதும் ஒத்திருப்பவை.

ஒரு ஜீப்பின் முன்புறம் 4.88 விகித ஆக்ஸிலும் பின்புறம் 5.38 விகித ஆக்ஸிலும் அமைந்துவிட்டன என்று கொள்வோம். போல்டுகள் ஒழுங்காகவே பொருந்தும். இருசக்கர இயக்கத்தில் வண்டி நன்றாகவே ஓடும். நாற்சக்கர இயக்கத்தைச் சேர்த்தவுடன், ஒரே வேகத்தில் சுழலும் இரு ஷாஃப்டுகள் முன் சக்கரங்களை நூற்றுக்குப் பத்து வீதம் விரைவாக ஓட்ட முயலும். டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் எனில், ஒரு கிலோமீட்டருக்குப் பின் ஷாஃப்டு சுழல வேண்டிய அளவு முன் ஷாஃப்டினதைவிட ஏறத்தாழ 225 சுற்று மிகுதி. இவ்வளவு முறுக்கையும் டயர்கள் வழுக்கித் தீர்க்க வேண்டும்; அல்லது பற்களோ ஷாஃப்டின் இணைப்புகளோ முறியவேண்டும். மலைச்சரிவில், சுமையோடு இறங்கும் வேளையில் இது நேருமாயின் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆட்டோமாட்டிக் பெட்டியை மாற்றும்போது

இதே கணக்கு இன்றைய ஆட்டோமாட்டிக் வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்து நிற்கிறது. ஜப்பானின் சுபாரு வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் செவர்லே என்ற பெயரில் இந்தியாவில் விற்பனையான ஃபாரெஸ்டரும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இவற்றில் முன் சக்கரங்களுக்குரிய கிரவுனும் பினியனும் கியர்ப் பெட்டிக்குள்ளேயே அடங்கியுள்ளன. பின் சக்கரங்களுக்குரியவை வண்டியின் பின்புறத்தில் தனியே உள்ளன. ஆகவே கியர்ப் பெட்டியை மட்டும் மாற்றுபவர், தாம் அறியாமலே முன் ஆக்ஸிலின் விகிதத்தையும் மாற்றிவிடுகிறார்.

நான்கு கியர் கொண்ட சுபாரு ஆட்டோமாட்டிக் பெட்டிகளில் 37-க்கு 9, அதாவது 4.11 விகிதமுடையவையும், 40-க்கு 9, அதாவது 4.44 விகிதமுடையவையும் உண்டு. ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைத்தால் வேறுபாடு நூற்றுக்கு எட்டு. இப்பெட்டியில் பின் சக்கரங்களுக்கான ஆற்றல் எண்ணெயில் நனைந்த தட்டுகளால் ஆன கிளட்ச் ஒன்றின் வழியாகச் செல்கிறது. விகிதம் மாறுபட்டால், நேர்ச்சாலையிலும் அத்தட்டுகள் இடைவிடாது உரசித் தேயும்; எண்ணெய் கருகும். நல்ல நிலையில் வந்த பெட்டியும் நாளடைவில் பாழாகும்.

அக்கிளட்சு பழுதுறினும் இறுக்கம் தோன்றும். அதனைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு செயலிழந்தால், கிளட்சு தளராமல் இறுகியே நிற்கும்படி அமைப்பு உள்ளது. ஆகவே குறி ஒன்றாயினும் காரணம் இரண்டு. முதலிற் செய்ய வேண்டுவது இவ்விரண்டையும் பிரித்தறிதலே.

கண்டறியும் முறை

1. டயர்களை அளக்கவும். நான்கும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் உடையனவா என்று காணவேண்டும். சுற்றளவில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது சுபாரு வண்டிகளுக்குரிய விதி. காற்றழுத்தமும் சமமாக இருத்தல் வேண்டும்.

2. இறுக்கம் எப்போது தோன்றுகிறது என்று கவனிக்கவும். திருப்பத்தில் மட்டும் தோன்றி நேர்ச்சாலையில் மறையுமாயின், முன்னும் பின்னும் பூட்டப்பட்டுள்ளன என்று பொருள். ஜீப்பில் நெம்புகோலையும், ஆட்டோமாட்டிக்கில் கிளட்சையும் ஐயுறலாம். நேர்ச்சாலையிலும் தொடருமாயின் விகித வேறுபாட்டையே முதலில் ஐயுற வேண்டும்.

3. இப்பெட்டி பொருந்திய பல சுபாரு மாடல்களில், என்ஜின் அறையில் எஃப்.டபிள்யூ.டி. என்று குறித்த வெற்றிடம் ஒன்று உண்டு. அதில் ஒரு ஃப்யூஸைச் செருகினால் பின் சக்கர இயக்கம் விடுபடும். அப்போதும் திருப்பத்தில் இறுக்கம் நீங்காவிடில், மின்வால்வோ கிளட்சுத் தட்டுகளோ சிக்குண்டிருக்கலாம். நீங்குமாயின், கிளட்சு நன்றாகவே தளர்கிறது. டயரையும் விகிதத்தையும் சரிபார்க்க வேண்டும்.

4. விகிதத்தை எண்ணிப் பார்க்கவும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடவேண்டும். ஜீப்பாயின் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் நியூட்ரலில் வைக்கவேண்டும். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் ஷாஃப்டையே பிடிப்பதாதலால் அதனை விடுவித்தல் அவசியம். ஓர் ஆக்ஸிலின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி 20 சுற்றுச் சுழற்றவும். மறு சக்கரம் தரையில் நிற்பதால், சாதாரண டிபரென்ஷியலில் கிரவுன் 10 சுற்றே சுழலும். அதற்குள் ஷாஃப்டு எத்தனை முறை சுழன்றது என்று சாக்குக்கட்டிக் கோட்டைக்கொண்டு எண்ணவும். ஜீப்பில் 48¾ சுற்று எனில் விகிதம் 4.88, 53¾ எனில் 5.38. சுபாருவின் பின்புறத்தில் 41 சுற்றுக்குச் சற்று மேல் எனில் 4.11, 44½ சுற்றுக்குச் சற்றுக் குறைவு எனில் 4.44. பெட்டிக்குள் மறைந்துள்ள முன் விகிதத்தை, பெட்டியின் மீதுள்ள வகைக் குறியீட்டைக் கொண்டு அறிய வேண்டும்.

பெட்டியை மாற்றிய பிறகு என்ஜினே சுழல மறுப்பது இதனின்றும் வேறான இறுக்கமாகும். டார்க் கன்வர்ட்டர் பம்பின் பற்களில் முழுவதும் அமராத நிலையில் போல்டுகளை முறுக்கிப் பெட்டியை இழுத்தால் இது நேரும், பம்பும் உடையும். பெட்டியின் முகம் என்ஜினின் முகத்தோடு போல்டின் உதவியின்றியே சேர்ந்து அமர வேண்டும். அப்போதும் கன்வர்ட்டர் கையால் எளிதிற் சுழல வேண்டும்.

எச்சரிக்கை

முறுக்கேறிய வண்டியின் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தும்போது, அடங்கியிருந்த முறுக்கு விடுபட்டுச் சக்கரம் திடீரெனச் சுழலக்கூடும். அருகில் கையையோ காலையோ வைத்தல் ஆகாது. நெம்புகோல் சிக்கிக்கொண்டால் அதனைச் சம்மட்டியால் அடிக்காமல், வண்டியைச் சில அடி தூரம் பின்னோக்கி நகர்த்தினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

விகிதம் மாறுபட்டது என்று தெரிந்த பின் பரிகாரம் எளிது. பின்புற டிபரென்ஷியலையோ கியர்ப் பெட்டியையோ மாற்றி இரண்டையும் ஒரே விகிதத்திற்குக் கொணர வேண்டும். பழைய வண்டியிலிருந்து ஆட்டோமாட்டிக் பெட்டியை வாங்குவோர், அதே வண்டியின் பின்புற டிபரென்ஷியலையும் உடன் வாங்கிவிடுவது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். அலுவலக வண்டியின் பதிவேட்டில் மாற்றிய உறுப்பின் விலையையும் தேதியையும் எழுதுவதோடு, அதன் இறுதி விகிதத்தையும் எழுதிவைத்தல் நன்று. அடுத்து அவ்வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறும் ஊழியருக்கு அந்த ஒரு வரி பெருந்துணையாகும்.