முகவாயில் புண், மூலம் எங்கே?

ஜவ்வாது மலையில் நடந்து பழகியவர்கள் அறிவார்கள்: மேலே பெய்த மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, எங்கோ ஒரு சரிவில் ஊற்றாக வெளிப்படும். ஊற்றைக் கண்டதும், நீர் அங்கேயே பிறந்தது என்று நாம் எண்ணுவதில்லை. நம் உடலிலும் இத்தகைய 'ஊற்று' தோன்றுவதுண்டு!

அம்மலையிலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் படித்த மாணவன் ஒருவனுக்கு முகவாயின் அடியில் சிறு புண். பரு என்று நினைத்துப் பல மாதங்கள் களிம்பு தடவினான். ஆறும், மறுபடி கசியும். பல்லில் வலியே இல்லை. தோல் மருத்துவர் ஒருவர் அவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் மருத்துவரிடம் அனுப்பினார். எக்ஸ் கதிர்ப் படத்தில், கீழ் முன்பல் ஒன்றின் வேர்நுனியில் கறுத்த திட்டு தெரிந்தது. சிறு வயதில் கீழே விழுந்து அடிபட்ட பல் அது!

நடந்தது என்ன? பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் உள்ளது. சொத்தையாலோ அடிபட்டதாலோ அது அழிந்தால், கிருமிகள் பெருகி வேர்நுனியில் சீழ் சேரும். சீழ் எலும்பை அரித்துக்கொண்டு, தடை குறைந்த வழியே செல்லும். பெரும்பாலும் ஈறுப் பகுதியில் வெளிப்படும். கீழ்ப்பல்லின் வேர்நுனி, தசை ஒட்டியுள்ள இடத்திற்கும் கீழே அமைந்திருந்தால், வெளித்தோலில் வாய் திறக்கும். வடிகால் கிடைத்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது; வலியும் மறைகிறது. பல்லின்மீது ஐயம் எழாதது இதனால்தான்.

படத்தில் கறுப்பு ஏன்? எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையில் மிகுந்துள்ள ஆக்சிஜனுக்கு 8, கார்பனுக்கு 6. அணு எண் கூடினால், எக்ஸ் கதிர்களை உட்கவரும் திறனும் வெகுவாகக் கூடும். ஆகவே எலும்பு வெண்மையாகத் தெரியும். எலும்பு கரைந்த இடத்தில் கதிர்கள் மிகுதியாக ஊடுருவுவதால் அவ்விடம் கறுக்கும். ராண்ட்ஜன் இக்கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தம் பற்களைப் படமெடுத்துவிட்டார். அதற்கு 25 நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது! இன்று ஒரு நொடிகூட வேண்டாம்.

மாணவனுக்கு வேர்ச் சிகிச்சை செய்தார்கள். தோலில் கத்தி வைக்கவேயில்லை. சில வாரங்களில் புண் மூடியது. சிறு குழி மட்டும் மிஞ்சியது.

ஆனால் எல்லாப் பருவுக்கும் பல் காரணமன்று. 1910இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர், பற்கிருமிகளே பல நோய்களுக்கு மூலம் என்று பேசினார். அக்கொள்கை பரவியதால், பல ஆண்டுகள் எத்தனையோ பற்கள் தேவையின்றிப் பிடுங்கப்பட்டன. ஐயம் வேண்டும், ஆதாரமும் வேண்டும். தாடையில் ஆறாத புண் கண்டால், களிம்பை நாடுமுன் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.