வேலிக்குள்ளா, வேலி தாண்டியா?
புரொஸ்டேட் புற்றுநோயும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும்

இரவில் நாலைந்து தடவை சலம் கழிக்க எழும்பும் வயதான ஆண்கள், வெட்கத்தினால் அதை வீட்டிலும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது புற்றுநோயல்லாத வீக்கமே. ஆயினும் வைத்தியரிடம் காட்டித் தெளிவது அவசியம். ஏனெனில் புரொஸ்டேட் புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம்.

புரொஸ்டேட் என்பது சலப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உள்ள சிறு சுரப்பி. பி.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையும் விரற் பரிசோதனையும் சந்தேகத்தை எழுப்பும். ஊசியால் எடுக்கப்படும் சதைத் துண்டே நோயை உறுதி செய்யும். அடுத்த கேள்வி, நோய் எதுவரை போயிருக்கிறது என்பதாகும்.

எல்லைக்கல்லின் பெறுமதி காணி இழந்தவர்களுக்குத் தெரியும். இங்கும் எல்லையே முக்கியம். நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் அது டி2 நிலை. சுரப்பியின் உறையைத் தாண்டினாலோ விந்துப்பையில் புகுந்தாலோ டி3. சலப்பை, மலக்குடல் போன்ற அயல் உறுப்புகளில் பரவினால் டி4. சத்திர சிகிச்சையா, கதிர்ச் சிகிச்சையா, அதனுடன் ஹோர்மோன் மருந்தும் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க இந்த எல்லை உதவுகிறது. மெதுவாக வளரும் சிறு கட்டியாயின், ஒழுங்காகக் கண்காணித்து வருவதே சிலருக்குப் போதும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். காந்த சக்தியும் வானொலி அலைகளும் உடலிலுள்ள நீரிலிருந்து படத்தைப் பெறுகின்றன. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தட்டுவது போன்ற பெரும் சத்தம் கேட்கும், வலி இராது.

இருதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் ஷெல் துண்டு, கண்ணில் இரும்புத் துகள் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை அசைக்கக்கூடும். சிறுநீரக நோயுள்ளவர்களும் சொல்ல வேண்டும். சதைத் துண்டு எடுத்த இடத்தில் இரத்தம் கசிந்திருந்தால் படம் தெளிவிராது. எனவே எம்.ஆர்.ஐ. முதலில் எடுக்கப்படும், அல்லது சில வாரங்கள் பொறுத்து எடுக்கப்படும்.

இதற்கும் வரம்பு உண்டு. உறையைத் தாண்டிய நுண்ணிய பரவல் படத்தில் தெரியாமல் போகலாம். எலும்புகளுக்குப் பரவியதா என்றறிய வேறு ஸ்கேன் தேவைப்படலாம்.

நாம் செய்ய வேண்டியது

மஸ்கெலியா வைத்தியசாலையிலோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ முதலில் காட்டுங்கள். அங்கிருந்து கடிதம் பெற்றுக் கண்டிக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்லலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அறிக்கைகளை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். மனைவியையோ மகனையோ துணைக்கு அழைத்துச் சென்று, "நோய் சுரப்பிக்குள் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா?" என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்பது நமது உரிமை.