குளிர்காற்றுக்கும் ஒரு மாதத் தவணை

கார் கடன் கோரி நம் கிளைகளுக்கு வருவோர் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் துல்லியமாகக் கேட்டறிகின்றனர். மைலேஜை மட்டும் விளம்பரத் தாளில் உள்ளபடியே நம்பிவிடுகின்றனர். அந்த எண், சோதனை நிலையத்தில் ஏசியை நிறுத்திவைத்து அளக்கப்பட்டு வந்த எண். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நாம் ஏசி இல்லாமல் காரோட்டும் நாள்கள் ஆண்டில் எத்தனை?

பெட்ரோல், டீசல் கார்களில் ஏசியின் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினே. அந்தக் கூடுதல் சுமைக்கு ஏற்ப எரிபொருள் செலவாகிறது. மும்பையில் வெப்பத்துடன் காற்றின் ஈரத்தையும் ஏசி நீக்க வேண்டியிருப்பதால் அதன் வேலை மேலும் கூடுகிறது. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுந்தொலைவுப் பயணங்களில், ஏசியால் மைலேஜ் 25 விழுக்காட்டுக்கும் மேல் குறையக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: ஏசியின் செலவு ஓடும் தொலைவைவிட ஓடும் நேரத்தையே பெரிதும் சார்ந்தது. ஒரு மணி நேரத்திற்கு அரை லிட்டர் என வைத்துக்கொள்வோம். புனே விரைவுச்சாலையில் அந்த ஒரு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் சென்றுவிடலாம். சயான் சந்திப்பையும் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையையும் கடக்கும் நெரிசலில் 10 கிலோமீட்டர் சென்றாலே பெரிது. அதே அரை லிட்டர்தான். கிலோமீட்டருக்கு எட்டு மடங்குச் செலவு.

தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் 2,500 ரூபாய். ஒரு லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளில் திருப்பிச் செலுத்த மாதத் தவணை சுமார் 2,076 ரூபாய்தான். நாம் கணக்கில் சேர்க்காத குளிர்காற்று, அதைவிடப் பெரிய தவணையாக நிற்கிறது.

டாக்சித் தொழிலில் இந்த வேறுபாடு கட்டணத்திலேயே தெரிகிறது. 2025 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்டபடி, முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கறுப்பு-மஞ்சள் டாக்சிக்கு 31 ரூபாய். ஏசி வசதியுள்ள கூல் கேப்புக்கு 48 ரூபாய். கட்டணத்தில் அத்தகைய வேறுபாடு இல்லாத செயலி வழி டாக்சிகளில் சுமை ஓட்டுநர்மீதே விழுகிறது. 2024-இல் ஐதராபாத் ஓட்டுநர்கள் ‘ஏசி இல்லை’ என்று இயக்கமே நடத்தினர். வாடகைக்கு ஓட்டக் கடனில் கார் வாங்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சிக்கனத்திற்குச் சில வழிகள் உண்டு. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கிளம்பியதும் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூடான காற்றை வெளியேற்றிய பின் ஏசியை இயக்குங்கள். உட்புறம் குளிர்ந்ததும் உட்காற்றையே சுழலவிடுங்கள். நெரிசலற்ற சாலையில் வேகமாகச் செல்லும்போது கண்ணாடிகளை மூடுங்கள். திறந்த கண்ணாடி காற்றின் எதிர்ப்பைக் கூட்டி எரிபொருளை விழுங்கும். ஏசி வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள். முதியோரும் குழந்தைகளும் உடனிருக்கையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் நீராவியை நீக்கவும் ஏசி தேவை.

அடுத்த முறை கடன் விண்ணப்பத்துடன் வரும்போது, தவணைக்குக் கீழே எரிபொருளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அதில் ஏசி ஓடும் நேரமும் அடங்கட்டும். அதன் பிறகும் மாத வருமானத்தில் மிச்சம் இருந்தால், அதுவே உங்களுக்கு ஏற்ற கார்.