கால் தாங்குமா?

கடலும் இயந்திரமும் – 9

பினாங்கு ஜார்ஜ்டவுனின் சியூ ஜெட்டியில், நீர் வற்றிய நேரத்தில் பலகைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், சேற்றில் அமர்ந்திருக்கும் சிறு படகுகள் தெரியும். அவற்றின் பின்புறத்தில் அவுட்போர்டு எஞ்சின்களை மேலே மடக்கி வைத்திருப்பார்கள். வடக்கே தஞ்சோங் தோக்கோங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரீனா போன்ற இடங்களுக்கு வரும் உல்லாசப் படகுகள் சிலவற்றில் எஞ்சினே கண்ணில் படாது. அது படகின் வயிற்றுக்குள் இருக்கும். பின்சுவருக்கு வெளியே அலுமினிய உறுப்பு ஒன்று மட்டும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அதுதான் அவுட்டிரைவ். ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் அதை ‘லெக்’, அதாவது கால் என்றே சொல்வார்கள்.

எஞ்சினின் சக்தியைக் கூட்டும் வழிகளைச் சென்ற வாரம் இத்தொடர் விளக்கியது. கூட்டிய சக்தியை அந்தக் கால் தாங்குமா என்பது இந்த வாரக் கேள்வி.

காலுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெர்க்குரி நிறுவனத்தில் வேலை பார்த்து விலகிய ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1958இல் அவுட்போர்டு பூட்டிய சிறு படகில் அட்லாண்டிக்கைக் கடந்தவர். எஞ்சின் உள்ளே, கால் வெளியே என்ற அவருடைய அமைப்பை ஸ்வீடனின் வோல்வோ பென்டா ஏற்று, ‘அக்வாமாட்டிக்’ என்ற பெயரில் 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தது. எஞ்சினின் சக்தி 80 குதிரைசக்தி. 1961இல் மெர்க்குரியும் ‘மெர்குரூசர்’ என்று இறங்கியது. 1982இல் வோல்வோ பென்டா, எதிரெதிராகச் சுழன்று படகை உந்தும் இரண்டு விசிறிகளை ஒரே காலில் பூட்டியது. எண்பதில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நானூறைத் தாண்டிய எஞ்சின்களுடன் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது.

அதன் உள்வேலை ‘இசட்’ எழுத்தைப் போன்றது. எஞ்சினிலிருந்து படுக்கையாக வரும் தண்டு, காலின் மேல்தலையில் சாய்பற்சக்கரங்களால் செங்குத்தாகத் திரும்புகிறது. அடியில் இன்னொரு ஜோடி சக்கரம் அதை மறுபடி படுக்கையாக்கி விசிறிக்குக் கொடுக்கிறது. காலை இடவலமாகத் திருப்பவும் மேலே தூக்கவும் வேண்டும் என்பதால், நடுவில் யுனிவர்சல் ஜாயிண்டுகளும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் மடிப்புக் குழாயும் உண்டு.

இதில் எது முதலில் போகும்? குதிரைசக்தியை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. பல்லை உடைப்பது முறுக்குவிசை. 300 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அந்தச் சக்தியைத் தந்தால், தண்டின் முறுக்குவிசை சுமார் 427 நியூட்டன் மீட்டர். அதே 300ஐ டீசல் எஞ்சின் 3,500 சுற்றில் தந்தால் சுமார் 610. விளம்பரத் தாளில் இரண்டும் முந்நூறுதான். கியர் பல்லுக்கு அவை வேறு வேறு எஞ்சின்கள். பேரிங்கின் கணக்கு இன்னும் கடுமை. உருளை பேரிங்கில் சுமை ஒன்றரை மடங்கானால், அது தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கும்.

காலைப் பிரிக்கும் வேலை எண்ணெயில் தொடங்குகிறது. வடித்த எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகுழாய் மூடியின் காந்தத்தில் எஃகுச் சில்லுகள் ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு பல் பொடிந்துகொண்டிருக்கிறது. பல்லின் முகம் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. சிறு குழிகள் விழுந்திருந்தால் சுமையில் சோர்ந்தது.

பலப்படுத்தும்போது உயர்தர நிக்கல் கலந்த எஃகில் செய்து மேற்பரப்பைக் கடினமாக்கிய சக்கரங்களைப் போடுவார்கள். நுண்ணிய எஃகு மணிகளைப் பல்லின் மீது வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவதும் உண்டு. இறுகிய பரப்பில் விரிசல் எளிதில் பிறக்காது. ஆனால் நல்ல சக்கரம் மட்டும் போதாது. சாய்பற்சக்கரங்கள் சுமை ஏற ஏற ஒன்றையொன்று தள்ளும். அலுமினியக் கூடு மயிரிழை வளைந்தாலும், பல்லின் நடுவில் படவேண்டிய அழுத்தம் ஓரத்துக்குப் போய்விடும். உடைவது ஓரம்தான். அதனால் தடித்த மேல்மூடி, பெரிய பேரிங். பிறகு ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிச் செருகி, பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். பற்களின் இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சரிபார்ப்பார்கள். பொறுமையில்லாதவர் கைக்கு இந்த வேலை ஒத்துவராது.

மேல்தலையைப் பலப்படுத்தியதும் உடையும் இடம் நகர்கிறது: ஜாயிண்டுக்கு, அடிச்சக்கரத்துக்கு, விசிறித் தண்டுக்கு.

பினாங்கில் இன்னொரு எதிரி, சூடு. 300 குதிரைசக்தி என்பது 224 கிலோவாட். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கியரில் வெப்பமானாலும் நாலரைக் கிலோவாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் இரண்டு மின்கெட்டில்கள் அந்தச் சிறு கூட்டுக்குள் ஓயாமல் எரிவதைப் போல. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே இருப்பது இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய். வெளியே சுற்றியோடும் கடலோ 28, 30 பாகையில் இருக்கிறது. படகு வேகமெடுத்து எழும்பும்போது மேல்தலை நீருக்கு வெளியே வந்துவிடும். அதனால்தான் பலம் கூட்டிய கால்களின் தலையில் கடல்நீரைப் பீய்ச்சும் குழாய் பொருத்துகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கொட்டலசும் வேகமாக வளர்கிறது. ரப்பர் மடிப்புக்குள் அது ஒட்டிக்கொண்ட நிலையில் காலைத் தூக்கினால் ரப்பர் கிழியும்.

தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாக்கும் ‘சுமாத்ரா’ சூறைக்காற்று வேறு. அலையில் படகு துள்ளி விசிறி காற்றில் சுழலும்போது எஞ்சின் வீறிடும். மறுகணம் விசிறி நீரைக் கவ்வும். கணக்கில் வராத அடி முழுவதும் அந்தக் கணத்தில் பற்களில் விழுகிறது. துள்ளலுக்கு முன்பே திராட்டிலைத் தளர்த்தும் கை, விலையுயர்ந்த கியர் செட்டுக்கு நிகரான பாதுகாப்பு.

உள்ளே இருக்கும் எஞ்சினின் சக்தியை, மேலே தூக்கக்கூடிய விசிறிக்குக் கொண்டுசேர்க்கும் சிக்கல் தமிழகக் கரையில் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் ஏறி இறங்கும் மீன்பிடிப் படகுகளை வடிவமைத்தது. அவற்றில் சிறிய டீசல் எஞ்சின், தண்டு, விசிறி மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்து மேலே எழும். தண்டு எங்கும் திரும்பவில்லை. சாய்பற்சக்கரத்துக்கும் அங்கே வேலை இல்லை. வேகம் குறைவு என்பதால் அங்கே அது செல்லுபடியானது. முந்நூறு குதிரைசக்தி எஞ்சினை அப்படித் தூக்க முடியாது.

பிரித்துச் சேர்த்த காலைத் தண்ணீரில் இறக்கியதும் முழு வேகம் கொடுப்பதில்லை. முதல் சில மணி நேரம் சுமையை ஏற்றி இறக்கி ஓட்டி, புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகிய பின் எண்ணெயை மறுபடி வடிப்பார்கள். மெக்கானிக் அதை வெள்ளைத் துணியில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து, நிறம் பார்ப்பார்.

(அடுத்த வாரம்: விசிறியின் கோணம்)