ஃபில்டர் போட்டா காணாமப் போற ஊர்

இன்னைக்கு ஸ்ப்ரெட்ஷீட்ல தேடுறது, ஃபில்டர் பண்றது பத்திப் பேசலாம். உதாரணத்துக்கு, பத்திரிகைச் செய்திகளை வச்சு நான் தயாரிக்கிற பட்டாசு விபத்துப் பட்டியல்: ஒரு விபத்துக்கு ஒரு வரிசை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். அதே வருஷம் ஜூன்ல, தாயில்பட்டியில ஒரு வீட்டுல நடந்த வெடி விபத்து. மூணுமே விருதுநகர் மாவட்டம்தான். ஆனா செய்தியில ஒண்ணு 'சிவகாசி அருகே'ன்னு வரும், இன்னொண்ணு 'சாத்தூர் அருகே'ன்னு வரும். அதை அப்படியே 'இடம்'னு ஒரே காலத்துல போட்டுட்டு 'சிவகாசி'ன்னு ஃபில்டர் பண்ணினா, அச்சங்குளம் மறைஞ்சு போக வாய்ப்பிருக்கு. அந்த வரிசை அழியலை; நம்ம கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான். ஆனா, அதைப் பார்த்து எழுதுற கட்டுரையில அங்கே இறந்தவங்க கணக்குலயே வர மாட்டாங்க.

அதனால ஊர், தாலுகா, மாவட்டம் மூணுக்கும் தனித்தனி காலம் வைங்க. தாயில்பட்டின்னா தாலுகா வெம்பக்கோட்டை. 'அருகே' எல்லாம் வேண்டாம்.

அடுத்தது எழுத்து. ஒருத்தர் 'தாயில்பட்டி'ன்னு அடிப்பார், இன்னொருத்தர் நடுவுல 'ப்' சேர்த்து அடிப்பார். கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ஊர். ஃபில்டர்ல இருக்கிற தேடல் பெட்டியில 'தாயில்'னு மட்டும் அடிச்சா ரெண்டும் வந்துடும். இங்கிலீஷ்ல அடிச்ச வரிசை மட்டும் அப்பவும் வராது. அதனால ஒரே எழுத்துமுறைக்கு மாத்திடுறதுதான் நிரந்தரத் தீர்வு.

மூணாவது, காலி வரிசை. எக்செல்ல நடுவுல ஒரு வரிசை முழுசா காலியா இருந்தா, பட்டியல் அங்கேயே முடிஞ்சதுன்னு ஃபில்டர் நினைச்சுக்கும். கீழே இருக்கிறது எதுவும் அதுக்குள்ள வராது. முதல்ல மொத்தப் பட்டியலையும் செலக்ட் பண்ணிட்டு, அப்புறம் ஃபில்டர் போடுங்க.

கடைசியா, கூட்டல். 'சம்' ஃபார்முலா மறைஞ்சிருக்கிற வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். ஃபில்டர்ல தெரியிறதை மட்டும் கூட்டணும்னா 'சப்டோட்டல்' போட்டு, முதல் எண்ணா 9 கொடுங்க.

தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க சில நாள் கழிச்சும் இறந்துபோறாங்க. முதல் நாள் எண்ணிக்கைக்குப் பக்கத்துலயே 'கடைசியா சரிபார்த்த தேதி'ன்னு ஒரு காலம் சேர்த்துக்கோங்க. அதுல காலியா இருக்கிற கட்டங்களை மட்டும் ஃபில்டர் பண்ணுங்க: இன்னும் யாரும் திரும்பிப் பார்க்காத விபத்துகள் அதுதான்.