முதல் 60 அடியில் முடிந்துவிடும் பந்தயம்!

விளக்கு பச்சையாக மாறுகிறது. இரண்டு கார்கள் உறுமுகின்றன. ஒன்றின் சக்கரங்கள் "கிரீச்" என்று அலறி, புகை கிளப்பி, நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் சத்தமே இல்லாமல் கிளம்பிய அடுத்த கார் அதற்குள் முன்னால் போய்விட்டது!

இதுதான் 'டிராக்' பந்தயம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா அனா விமான நிலையத்தில் 1950-ல் இந்தப் பந்தயம் முறையாக நடக்கத் தொடங்கியது. நீளமான நேர்ப்பாதை வேண்டும் என்பதால் விமான ஓடுதளமே இதற்குத் தோதான இடம். சென்னைக்கு அருகே சோழவரத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்ததும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் புதிய திடல் வந்ததும் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது. மும்பைவாசிகளுக்குப் பக்கத்தில், லோனாவாலாவை அடுத்த ஆம்பி வேலி ஓடுதளத்தில் டிராக் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பணக்காரர்களின் வெளிநாட்டுக் கார்கள் மட்டுமே ஓடும் பந்தயம் அல்ல இது. வார நாட்களில் ஆபீசுக்குப் போய்வரும் காரும் ஓடலாம்.

அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் முதலில் என்ன செய்கிறார்? என்ஜினுக்குப் பணம் செலவழிக்கிறார். சைலன்சரை மாற்றுகிறார். அதில் பாதிப் பணம் டயர்ப் புகையாகப் போய்விடுகிறது.

80 கிலோ எங்கே போயிற்று?

ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு ஓடப் பார்ப்பவர் வழுக்கி விழுவார். கால் பலம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கார் விஷயமும் அதுவேதான். என்ஜினின் பலம் முழுவதும் சாலையைச் சேருவது, உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு ரப்பர்த் துண்டுகள் வழியாக. அந்தப் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வேகம்.

பிடிப்பு என்பது சக்கரத்தின் மேல் அமரும் எடையைப் பொறுத்தது. பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்னால் சாய்வது போல, கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. ஆளோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள ஸ்விப்ட் வேகமாகக் கிளம்பினால், ஏறத்தாழ 80 கிலோ முன் சக்கரங்களை விட்டுப் பின்னால் போய்விடும். முன் சீட்டில் இருந்த ஆள் எழுந்து டிக்கியில் போய் உட்கார்ந்தது போல! ஸ்விப்டை இழுப்பதோ முன் சக்கரங்கள். எடை தேவைப்படும் நேரத்தில் அது நழுவிவிடுகிறது.

பழைய அம்பாசடரிலும், 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்சியிலும் நிலைமை நேர்மாறானது. அவற்றைத் தள்ளுவது பின் சக்கரங்கள். சாயும் எடை அங்கே உதவிக்கு வரும். ஓட்டை டாக்சி என்று கேலி செய்தவர்கள் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே முன் சக்கரக் காரில் செய்யவேண்டிய முதல் வேலைக்குக் காசே வேண்டாம். டிக்கியில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, சாமான்களை இறக்கிவிடவேண்டும். காரின் மொத்த எடையும் குறைகிறது. முன் சக்கரங்களின் பங்கும் கூடுகிறது.

அடுத்தது காற்று. வழக்கமாக 30 பவுண்டு பிடிக்கும் முன் டயரில் நாலைந்து பவுண்டு இறக்கினால், ரப்பர் சற்று அகலமாகத் தரையைத் தொடும். பின் டயரில், டயரிலேயே அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல், கொஞ்சம் ஏற்றலாம், உருள்வது சுலபமாகும். அளவுக்கு மீறி இறக்கினால் டயர் நெளிந்து ஆபத்து. தேய்ந்த டயருக்கு எந்த வைத்தியமும் பலிக்காது. என்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு நல்ல டயர் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கால்தான் கெட்டிக்காரன்

மிச்சமெல்லாம் ஓட்டுபவரின் இடது காலில் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் கிளச்சைப் படீரென்று விடுவது சினிமாவுக்குச் சரி. தரையின் வேகத்தைவிடச் சக்கரம் பத்தில் ஒரு பங்கு போலச் சற்றே கூடுதலாகச் சுழலும்போதுதான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் ரப்பர் வழுக்குகிறது. எனவே என்ஜினை நடுத்தரச் சுழற்சியில் நிறுத்தி, கிளச்சை நழுவவிட்டு, கார் நகர்ந்த பிறகே ஆக்சிலேட்டரை அழுத்தவேண்டும்.

இதனால் என்ன லாபம்? வழுக்காமல் கிளம்பும் கார் முதல் 60 அடியைச் சுமார் 3 வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழுக்கினால் மூன்றரை. அரை வினாடிதானே என்று தோன்றும். எல்லைக்கோட்டில் 120 கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடி என்பது ஏறத்தாழ 17 மீட்டர். நான்கு ஸ்விப்ட் கார்களை வரிசையாக நிறுத்தும் தூரம்!

இன்னொரு விஷயம். ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விளக்கோடு ஓடத் தொடங்குவதில்லை. முன் டயர் கோட்டிலுள்ள ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். தனியாக நேரம் பார்க்கும் ஓட்டத்தில் பதற்றமே வேண்டாம், நிதானமாகக் கிளம்பலாம். எதிரில் ஆள் நிற்கும்போது அந்தச் சலுகை இல்லை.

பணமும் உயிரும்

சக்கரம் பிடித்து விட்டு, பிடித்து விட்டுக் குதித்தால் உடனே காலை எடுத்துவிடவேண்டும். டிரைவ் ஷாப்ட் முறிவது அந்தக் குதிப்பில்தான். கிளச் பிளேட்டும் ஒவ்வோர் ஓட்டத்திலும் தேய்கிறது. கடனுக்கு வாங்கிய காருக்கு மாதத் தவணை கட்டுபவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும்: வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது.

நள்ளிரவில் காலியான மேம்பாலத்தில் "சும்மா ஒரு தடவை" பார்ப்பது இதைவிட மோசம். அங்கே ஆம்புலன்ஸ் நிற்காது. குறுக்கே இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருபவர் இருப்பார். அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறையே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டம் முடிந்ததும் டயர்களில் பழைய அளவுக்குக் காற்றைப் பிடித்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறுபடி டிக்கியில் ஏற்றவேண்டும். லோனாவாலாவிலிருந்து திரும்பும் வழியில் மலைப்பாதை இறக்கம் காத்திருக்கிறது.